25 அடித் தோகை

1981 ஜூலை 29. லண்டன் செயின்ட் பால் பேராலயத்தின் வாசலில் கண்ணாடி வண்டி வந்து நின்றது. கதவு திறந்ததும் தந்த நிறப் பட்டு இறங்கியது. இறங்கியது, இறங்கிக்கொண்டே இருந்தது. மணப்பெண்ணுக்குப் பின்னால் மயில் தோகை போல 25 அடி நீளம். அத்தனையும் கசங்கிக் கிடந்தது.

டஃபெட்டா பட்டின் சுபாவம் அது. அழுத்தி மடித்தால் சுருக்கம் விழும். சிறிய வண்டிக்குள் மணப்பெண் டயானாவும் அவர் தந்தையும் உட்கார்ந்தபின் துணிக்கு ஏது இடம்? சுமார் 75 கோடிப் பேர் தொலைக்காட்சியில் பார்த்திருக்க, அந்தத் தோகையைக் குனிந்து நீவிவிட்டார்கள், அதைத் தைத்த தம்பதி. எலிசபெத், டேவிட் இமானுவேல். டேவிட்டுக்கு அப்போது வயது 28.

வேல்ஸில் உள்ள பிரிட்ஜெண்ட் ஊர்க்காரர் அவர். லண்டன் ராயல் கலைக் கல்லூரி சேர்த்துக்கொண்ட முதல் திருமணமான ஜோடி இவர்கள்தான். 1977இல் படிப்பு முடிந்தது. மேஃபேர் பகுதியின் புரூக் தெருவில் கடை போட்டார்கள். 'வோக்' இதழுக்கான படப்பிடிப்பில் இவர்கள் தைத்த இளஞ்சிவப்பு ஷிஃபான் ரவிக்கையை அணிந்த டயானா, யார் தைத்தது என்று விசாரித்தார். நிச்சயதார்த்தத்துக்குப் பின் அவர் கலந்துகொண்ட முதல் பொது நிகழ்ச்சிக்கான கறுப்பு கவுனும் இவர்களிடமிருந்தே போனது. துக்கத்துக்கு மட்டுமே கறுப்பு உடுத்தும் பிரிட்டிஷ் அரச குடும்பத்துக்குள் நுழையப்போகும் 19 வயதுப் பெண், தோள்கள் தெரியும் கறுப்பு உடையில்! பத்திரிகைகள் கொந்தளித்தன. கல்யாண உடைக்கும் டயானா இவர்களைத்தான் அழைத்தார்.

பிறகு தொடங்கியது காவல். கடை வாசலில் நிருபர்கள் குப்பைத்தொட்டியைக் கிளறினார்கள். அவர்களை ஏமாற்ற, தம்பதி வேறு நிற நூல்களை வேண்டுமென்றே குப்பையில் போட்டார்கள். உடையை வைக்க இரும்புப் பெட்டகம் வந்தது. வடிவம் கசிந்துவிட்டால் என்ன செய்வது என்று மாற்று உடை ஒன்றையும் தைக்கத் தொடங்கினார்கள். டோர்செட் பட்டுப்பண்ணையின் இழை, பழைய லேஸ், சுமார் 10,000 முத்துகளும் ஜிகினாக்களும் உடையில் சேர்ந்தன. இதற்கு நடுவே மணப்பெண் இளைத்துக்கொண்டே போனார். ஒவ்வொரு முறை அளந்தபோதும் இடுப்பைப் பிடிக்க வேண்டியிருந்தது. அந்த நாட்களில் டயானாவுக்கு வேண்டியிருந்தது நல்ல தையல் மட்டுமல்ல, பதற்றமில்லாத ஒரு முகமும்தான். டேவிட்டிடம் அது இருந்தது.

1990இல் தம்பதி பிரிந்தார்கள். கூட்டுத் தொழிலும் முடிந்தது. டேவிட் தன் பெயரிலேயே தொடர்ந்தார். 2013இல் காட்டுக்குள் பிரபலங்களைத் தங்கவைக்கும் தொலைக்காட்சிப் போட்டியில் இறுதிச்சுற்று வரை போனார். பின்னர் கல்யாண உடை தேடும் பெண்களுக்கான 'சே யெஸ் டு தி டிரஸ்' நிகழ்ச்சியின் பிரிட்டிஷ், அயர்லாந்துப் பதிப்புகளுக்குத் தொகுப்பாளரானார். கண்ணாடி முன் தயங்கி நிற்கும் பெண், சுற்றிலும் ஆளுக்கொரு அபிப்பிராயம் சொல்லும் உறவினர்கள், நடுவே டேவிட். புரூக் தெருவில் பழகிய அதே வேலைதான். இப்போது கேமரா உள்ளேயே நின்றது.

2021இல் கென்சிங்டன் அரண்மனையில் டயானாவின் உடை காட்சிக்கு வந்தது. இம்முறை அந்த 25 அடியையும் விரித்துவைக்கப் போதிய இடம் இருந்தது.