கையொப்பமிடுவோருக்குச் செல்லும் அறிவிப்பு

2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் முதலில் எண்முறைக் கையொப்பம் ஒன்றையே ஏற்றிருந்தது. 2009 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின் பின்னர், மின்னணுக் கையொப்பம் என்னும் விரிந்த வகைக்கும் அங்கீகாரம் கிடைத்தது. கையொப்பத்தின் உறுதியைச் சட்டமும் கணிதமும் காக்கின்றன. ஆயினும், கையொப்பமிடுபவர் முதலில் காண்பது பத்திரத்தையன்று. பத்திரம் வந்துள்ளதெனத் தெரிவிக்கும் கடிதத்தையே. அக்கடிதத்தைத் தேவைக்கேற்ப அமைத்துக்கொள்ளும் முறையை ஈண்டு விளக்குவோம்.

ஓர் அலுவலகத்தின் கணினி, கையொப்பச் சேவை நடத்தும் நிறுவனத்தின் கணினிக்கு உத்தரவிடுவதற்கென வகுக்கப்பட்ட நடைமுறையே ஏ.பி.ஐ. எனப்படும். அச்சிட்ட படிவத்தின் கட்டங்களை நிரப்பி அனுப்புவதற்கு இதனை ஒப்பிடலாம். அமெரிக்காவில் 2003-இல் தொடங்கப்பெற்ற டாக்குசைன் நிறுவனத்தின் ஏ.பி.ஐ.யை உதாரணமாகக் கொள்வோம். அதில் பத்திரங்களும் பெறுவோர் விவரங்களும் அடங்கிய தொகுதிக்கு 'என்வலப்', அதாவது உறை, என்று பெயர். உறை முழுவதற்கும் பொதுவாக 100 எழுத்துக்குறிகள் வரை ஒரு தலைப்பும், 10,000 வரை ஒரு வாசகமும் எழுதலாம்.

இதனோடு நின்றுவிடுவது எளிது, ஆனால் போதாது. நீண்டகாலப் பயிற்சிக்குச் செல்லும் ஓர் ஆசிரியரின் உடன்பாட்டுப் பத்திரத்தை எண்ணிப் பாருங்கள். முதலில் ஆசிரியரும், அடுத்து ஜாமீன்தாரரும், இறுதியில் அதிகாரியும் கையொப்பமிட வேண்டும். மூவருக்கும் 'தயவுசெய்து கையொப்பமிடுக' என்ற ஒரே வாசகம் சென்றால், ஜாமீன்தாரர் தாம் ஒரு பணப் பொறுப்பை ஏற்கிறோம் என்பதை உணராமலே ஒப்பமிடக்கூடும். பின்னர் தொகையைக் கட்டுமாறு கடிதம் வரும்போதுதான் அவருக்கு உண்மை விளங்கும். இதைத் தவிர்ப்பதற்காகவே ஒவ்வொருவருக்கும் தனித்தனியே தலைப்பும் வாசகமும் எழுத ஏ.பி.ஐ.யில் இடம் வைத்துள்ளனர். அவ்வாறு எழுதப்பெறாதவருக்குப் பொது வாசகமே செல்லும். 'நீங்கள் ஜாமீன்தாரர், ஆசிரியர் நிபந்தனையை மீறினால் குறித்த தொகையைச் செலுத்தும் பொறுப்பு உங்களுடையது' என ஒரு வரி எழுதுவதில் அலுவலகத்துக்கு என்ன சிரமம்?

மொழியையும் ஒவ்வொருவருக்கும் தனியே குறிக்கலாம். ஆனால், நிறுவனம் ஆதரிக்கும் மொழிகளிலிருந்தே தெரிந்தெடுக்க வேண்டும். அதனால் மாறுவது நிறுவனத்தின் நிலையான சொற்கள் மட்டுமே. அனுப்புவோர் எழுதிய வாசகம் எழுதியபடியே நிற்கும். அதை மொழிபெயர்க்கும் கடமை அலுவலகத்தைச் சார்ந்தது.

நினைவூட்டலை எத்தனை நாட்களுக்குப் பின் தொடங்குவது, எத்தனை நாட்களுக்கொருமுறை அனுப்புவது, உறை எப்போது காலாவதியாவது என்பனவற்றையும் வரையறுக்கலாம். அலுவலகத்தின் சொந்தச் செயலிக்குள்ளேயே ஒருவரைக் கையொப்பமிடச் செய்வதாயின், அவருக்கு ஓர் அடையாள எண் குறிக்கப்படும். அங்ஙனம் குறித்துவிட்டால் நிறுவனம் வழக்கமாக அவருக்கு அழைப்பு மின்னஞ்சல் அனுப்புவதில்லை. தெரிவிக்கும் பொறுப்பு முழுவதும் அலுவலகத்துக்கு மாறிவிடுகிறது என்பதை நிரல் எழுதுவோர் மறத்தலாகாது.

வாசகத்தை மாற்றும் இவ்வுரிமை மோசக்காரருக்கும் உண்டு என்பது கவலைக்குரியது. அவசரப்படுத்தும் சொற்கள் நல்ல கடிதத்தையும் மோசடிக் கடிதம்போல் தோன்றச் செய்யும். அனுப்பும் அலுவலகம், பத்திரத்தின் பெயர், கெடு, விசாரிப்பதற்கு ஏற்கெனவே அறிந்த ஒரு தொலைபேசி எண் ஆகியவை இருந்தால் நம்பிக்கை பிறக்கும். ஆதார் எண், வங்கிக் கணக்கு எண் போன்றவற்றை அறிவிப்பில் எழுதலாகாது. பத்திரத்தைத் திறக்கும் இரகசியக் குறியீட்டையும் அதே கடிதத்தில் அனுப்புவது, பூட்டின் மேலேயே சாவியைத் தொங்கவிடுவதாகும்.

மின்னஞ்சல் பார்க்கும் வழக்கமில்லாதவர்களுக்கு அலுவலகம் தானே குறுஞ்செய்தி அனுப்ப விரும்பலாம். இந்தியாவில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2018-ஆம் ஆண்டு விதிகளின்படி, அனுப்புநரின் பெயர்க்குறியும் வாசக மாதிரியும் முன்னதாகப் பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். 2024 அக்டோபர் முதல், செய்தியிலுள்ள இணைய முகவரியும் முன்கூட்டியே பதிவு பெற்றிருத்தல் அவசியம். ஆகவே வாசகத்தை நினைத்தபோது மாற்ற இயலாது.

தமிழுக்கு இன்னொரு நெருக்கடியும் உண்டு. ஆங்கிலக் குறுஞ்செய்தி ஒன்றில் 160 குறிகள் அடங்கும். தமிழில் 70 மட்டுமே. புள்ளியும் உயிர்க்குறியும் தனித்தனியே எண்ணப்படுவதால், நாம் ஐந்தெழுத்தென எண்ணும் 'கையொப்பம்' என்ற சொல் ஒன்பது இடங்களைப் பிடிக்கும். எழுபதைத் தாண்டினால் செய்தி துண்டுகளாகப் பிரிந்து, துண்டுக்கு 67 குறிகளே கிடைக்கும். எனவே அலுவலகத்தின் பெயரையும் பத்திரத்தின் பெயரையும் முதல் துண்டிலேயே வைத்து, மரியாதைச் சொற்களைப் பின்னுக்குத் தள்ளுவது நலம்.