மழைக்காட்டை வெட்டினால் திரும்ப வளராதா? வால்பாறை காட்டும் உண்மை என்ன?

மிளகு, ஏலக்காய், பலாப்பழம். நம்ம வீட்டில் சர்வசாதாரணமாகப் புழங்கும் இந்த மூன்றுக்கும் சொந்த ஊர் ஒன்றுதான்: மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காடு.

வால்பாறைக்குப் போனவர்கள் கவனித்திருப்பீங்க. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை தேயிலை. நடுவில் அங்கங்கே தீவு மாதிரி, கரும்பச்சையாகச் சில காட்டுத் திட்டுகள். 19-ம் நூற்றாண்டின் கடைசியில் தோட்டங்கள் வர ஆரம்பிக்கும் முன்பு, அந்தப் பீடபூமியின் பெரும்பகுதி மழைக்காடுதான். ‘மரம்தானே, திரும்ப நட்டால் வளர்ந்துடும்’ என்று தோன்றலாம். ஆனால் விஷயம் அவ்வளவு சுலபம் இல்லை. ஏன்னு பார்ப்போம்.

மழைக்காடு என்றால் என்ன?

வெப்பமண்டலத்தில், வருஷம் முழுக்க சூடும் ஈரமும் இருக்கும் இடத்தில் வளரும் பசுமைமாறாக் காடு இது. பொதுவாக ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும். அமேசான், காங்கோ, தென்கிழக்கு ஆசியா ஆகியவை பெரிய மழைக்காட்டுப் பகுதிகள். இந்தியாவில் மேற்குத் தொடர்ச்சி மலை, வடகிழக்கு மாநிலங்கள், அந்தமான் தீவுகளில் இருக்கின்றன. உலக நிலப்பரப்பில் இவற்றின் பங்கு சுமார் 6 சதவீதம்தான். ஆனால் நிலத்தில் வாழும் உயிரினங்களில் பாதிக்கும் மேல் இங்கேதான் இருப்பதாக விஞ்ஞானிகள் கணக்கிடுகிறார்கள்.

நாலு மாடி வீடு

மழைக்காட்டை நாலு மாடி வீடு மாதிரி நினைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு மாடியிலும் வெளிச்சம், ஈரம், குடியிருப்போர் எல்லாமே வேறு.

உச்சி: மற்ற மரங்களைத் தாண்டித் தலை நீட்டும் சில மரங்கள். மலேசியாவின் சபா மாநிலத்தில் 2019-ல் அளந்த ஒரு மஞ்சள் மெரந்தி மரம் 100.8 மீட்டர் உயரம் இருந்தது. கிட்டத்தட்ட 30 மாடிக் கட்டடம்! நம்ம மலைகளில் மரங்கள் இவ்வளவு உயரம் போவதில்லை.

கூரை: பக்கத்துப் பக்கத்து மரங்களின் கிளைகள் நெருங்கிக் குடை பிடிக்கும் அடுக்கு. காட்டின் பூ, காய், பழம் பெரும்பாலும் இங்கேதான். வெடிப்பலா, நாங்கு, பலா போன்ற மரங்களைப் பார்க்கலாம். வெடிப்பலாவின் பூவும் விதையும் சிங்கவால் குரங்குக்கு முக்கிய உணவு. அந்தக் குரங்கு தரைக்கு இறங்காமலே இந்தக் கூரையில் வாழ்க்கை நடத்தக்கூடியது.

கீழ் அடுக்கு: சிறு மரங்கள், பிரம்பு, பெரிய மரங்களின் இளங்கன்றுகள். மேலே ஒரு கிழமரம் சாய்ந்து வெளிச்சம் விழும் வரை கன்றுகள் வருஷக்கணக்கில் காத்திருக்கும்.

தரை: மேலே விழும் வெயிலில் சுமார் 2 சதவீதம்தான் இங்கே வந்து சேரும். அந்த நிழலையே விரும்பி வளர்வது ஏலக்காய்.

இந்த எல்லா மாடிக்கும் ஏறிப் போவது மிளகு போன்ற கொடிகள். ஆர்கிட், பெரணி போன்றவை மண்ணே இல்லாமல் மரக்கிளையில் உட்கார்ந்து, மழைநீரையும் மட்கிய இலைகளையும் வைத்தே வாழும். இவை ஒட்டுண்ணி கிடையாது. மரத்தின் சத்தை உறிஞ்சுவதில்லை.

இவ்வளவு பசுமை, அப்போ மண் வளமானதா?

இங்கேதான் ஆச்சரியம். பெரும்பாலான மழைக்காடுகளில் மண்ணில் சத்து குறைவு. ஓயாத மழை அதைக் கரைத்துக் கீழே கொண்டுபோய்விடும். அப்போ சத்து எங்கே இருக்கு? மரங்களிலேயே. விழுந்த இலையைப் பூஞ்சையும் கரையானும் வேகமாக மட்கச் செய்யும். அந்தச் சத்தை மேல்மண்ணில் பரவியிருக்கும் வேர்கள் உடனே உறிஞ்சிக்கொள்ளும். ‘கல்லாவில் பணம் இல்லை, எல்லாம் ரொட்டேஷன்ல இருக்கு’ என்று கடைக்காரர்கள் சொல்வார்களே, அதே கதைதான்.

வேர்கள் ஆழமாகப் போகாததால், பெரிய மரங்கள் அடியில் பலகை மாதிரி வேர்களை விரித்து முட்டுக்கொடுத்து நிற்கின்றன. இலை நுனி கூராக நீண்டிருப்பது மழைநீர் தேங்காமல் வழிவதற்கு.

வெட்டினால் ஏன் திரும்புவதில்லை?

முதல் காரணம், மரத்தோடு சத்தும் போய்விடுகிறது. நிழல் போனதும் மண் காய்கிறது. மழை மேல்மண்ணை அரித்துச் செல்கிறது.

இரண்டாவது, வெளிச்சம் கிடைத்ததும் உண்ணிச்செடி போன்ற களைகள் மூடிவிடுகின்றன. நிழலில் வளர வேண்டிய கன்றுகள் அவற்றின் அடியில் திணறுகின்றன.

மூன்றாவது, விதை. பல மழைக்காட்டு மரங்களின் விதையைக் காயவைத்துச் சேமிக்க முடியாது. சில வாரங்களிலேயே முளைப்புத்திறன் போய்விடும். பெரிய விதைகளை எடுத்துப்போய்ப் போட இருவாச்சி மாதிரியான பறவை வேண்டும். இருவாச்சி கூடு கட்டவோ, பொந்து உள்ள பெரிய மரம் வேண்டும். ஒன்று அறுந்தால் மற்றதும் அறுந்துவிடும்.

அதனால்தான் யூகலிப்டஸ், சவுக்கு நட்டுவிட்டு ‘பசுமை திரும்பிவிட்டது’ என்று சொல்ல முடியாது. அது மரத்தோப்பு. ஒரே மாடி, ஒரே வகைக் குடித்தனம்.

மீட்கவே முடியாதா?

முயற்சி நடக்கிறது. வால்பாறையில் நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் அமைப்பு, தோட்ட நிறுவனங்களோடு சேர்ந்து 2000-களின் தொடக்கம் முதல் சிதைந்த காட்டுத் திட்டுகளைச் சீரமைத்து வருகிறது. களையை அகற்றி, உள்ளூர் மழைக்காட்டு மரங்களையே பல வகையாகக் கலந்து நடுகிறார்கள். அப்படியே விடப்பட்ட இடங்களைவிட, நடப்பட்ட இடங்களில் மர வகைகளும் கூரையின் அடர்த்தியும் நன்றாக மீண்டிருப்பது அங்கு நடந்த ஆய்வில் தெரியவந்தது. ஆனால் சிதையாத பழைய காட்டின் நிலையை அவை இன்னும் எட்டவில்லை.

அதாவது, காட்டை மீட்கலாம்; ஆனால் ஒரு தலைமுறைக்குள் முடிகிற வேலை இல்லை. பக்கத்தில் விதை கொடுக்கப் பழைய காடு மிச்சம் இருந்தால்தான் அதுவும் சாத்தியம். தேயிலைக்கு நடுவே தெரியும் அந்தக் கரும்பச்சைத் திட்டுகளை முதலில் காப்பாற்ற வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.