கெட்டது கிராபிக்ஸ் கார்டா?

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் - இயற்பியல்)

கணிப்பொறி ஒருநாள் ஒழுங்காகவும் மறுநாள் கோணலாகவும் நடந்துகொண்டால் யாரைக் குறை சொல்வது? "கார்டு போச்சு, புதுசு வாங்குங்க" என்றார் பார்க்க வந்த மெக்கானிக். அதை அப்படியே ஏற்றிருந்தால் கீழப்பழுவூரில் ஒரு சிறு கடைக்குப் பல ஆயிரம் ரூபாய் செலவு. எனக்கோ பகுதி நேர வேலை போயிருக்கும். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என் பஸ் செலவும் புத்தகச் செலவும் அந்த வேலையில்தான் ஓடுகின்றன.

அது ஃபிளெக்ஸ் பேனர் வடிவமைக்கும் கடை. உரிமையாளரின் வீடு மாடியில். இரவில் கடையைப் பூட்டிய பின், வீட்டு வைஃபை வழியாகக் கீழே உள்ள கணிப்பொறியை ரிமோட் டெஸ்க்டாப் மூலம் தம் லேப்டாப்பிலிருந்தே இயக்கி மிச்ச வேலையை முடிப்பார். காலையில் கடை திறப்பவன் நான். திரையில் சன்னல்கள் ஒரு மூலையில் குவிந்து கிடக்கும், எழுத்து பெருத்திருக்கும், பெரிய படத்தை நகர்த்தினால் துண்டு துண்டாக நகரும். சில நாள் கார்டே இல்லை என்று நிரல் சாதிக்கும்.

"தம்பி, ராத்திரி நான் பாத்தப்ப நல்லாத்தானே இருந்துச்சு? காலைல நீ எதை அமுக்கின?" என்றார். மாடியில் வேகம் குறைந்ததை அவர் வைஃபையின் மந்தம் என்று எண்ணிவிட்டார். நான் பதில் சொல்லவில்லை. செய்முறை வகுப்பில் எழுதுவதுபோல் ஒரு நோட்டில் இரண்டு வாரம் குறித்தேன். அவர் மாடியிலிருந்து வேலை பார்த்த இரவுக்கு மறுநாள் மட்டுமே கோளாறு. கணிப்பொறியை அணைத்துத் திரும்பப் போட்டால் கோளாறு மறைந்தது. வெந்துபோன கார்டு அப்படி நாள்தோறும் உயிர்த்தெழுமா?

காரணத்தை நம் வகுப்பறையை வைத்தே சொல்லலாம். வருகைப் பதிவின்போது வராத நண்பனுக்காக வேறொருவன் "உள்ளேன் ஐயா" என்பதில்லையா? ரிமோட் டெஸ்க்டாப் தொடங்கியதும் விண்டோஸ் கீழே உள்ள திரையைப் பூட்டிவிட்டு, மானிட்டர் இணைந்த கார்டின் இடத்தில் மென்பொருளாலான ரிமோட் டிஸ்ப்ளே அடாப்டர் ஒன்றை நிறுத்துகிறது. திரையின் அளவும் லேப்டாப்புக்கு ஏற்ப மாறுகிறது. அப்போது திறக்கப்படும் நிரல் "கார்டு யார்?" என்று கேட்டால் இந்தப் பதிலி கை தூக்கும். குறிப்பாக ஓப்பன்ஜிஎல் வழியாக வரையும் நிரல்கள் பலவற்றுக்கு உண்மைக் கார்டு கிட்டாமல், 1997-இல் வந்த 1.1 என்னும் பழம்பதிப்பை மென்பொருளால் ஓட்டும் நிலை வரும். 2020-இல் ஊரடங்கின்போது வீட்டிலிருந்து வேலை பார்ப்போர் பெருகவே, என்விடியா நிறுவனம் தன் ஜீஃபோர்ஸ் கார்டுகளுக்காக இதற்கென்றே ஒரு சிறு நிரலை வெளியிட்டது.

சிக்கல் இதோடு முடிவதில்லை. பல நிரல்கள் வருகைப் பதிவைத் திறக்கும்போது ஒரே முறைதான் எடுக்கின்றன. காலையில் நான் கடவுச்சொல் இட்டதும் உண்மைக் கார்டு வகுப்புக்கு வந்துவிடுகிறது. இரவு முதல் திறந்தே கிடக்கும் நிரலோ பதிலியையே நம்பிக்கொண்டிருக்கிறது. நிரலை மூடித் திறந்தால் போதும். கணிப்பொறியை அணைக்கக்கூட வேண்டாம்!

அதற்கும் மசியாவிட்டால் விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி ஆகிய நான்கு விசைகளையும் சேர்த்து அழுத்துங்கள். திரை ஒருகணம் இருண்டு, கார்டின் டிரைவர் மட்டும் புதிதாகத் தொடங்கும். திறந்த வேலையைச் சேமித்துவிட்டுச் செய்வது நலம். டிஎஸ்கான் என்றொரு கட்டளையும் உண்டு. இணைப்பை முடிக்கும்போதே கீழ்த்திரைக்குப் பொறுப்பை ஒப்படைத்துவிடும். ஆனால் அது கணிப்பொறியைப் பூட்டாமல் விட்டுவிடும். நாலுபேர் வந்துபோகும் கடைக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

கார்டு மெய்யாகவே கெடுவதும் உண்டு. விண்டோஸ் எழுமுன் வரும் பயாஸ் திரையிலேயே கோடும் புள்ளியும் தெரிந்தால் ரிமோட் டெஸ்க்டாப்பைக் குறை சொல்லிப் பயனில்லை. ஈவென்ட் வியூவரில் 4101 என்ற எண் அடிக்கடி பதிவானால், கார்டு குறித்த நேரத்தில் (வழக்கமாக 2 விநாடி) பதில் தராததால் விண்டோஸ் டிரைவரை மீட்டிருக்கிறது என்று பொருள். டிரைவர், சூடு, மின்சாரம் என்று அப்போது வரிசையாகப் பார்க்கவேண்டும். சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓடும் எங்கள் சாலையோரத்தில் முதலில் பார்க்கவேண்டியது விசிறியில் படிந்த தூசியைத்தான்.

நோட்டை உரிமையாளரிடம் காட்டினேன். இரண்டு பக்கத்தையும் புரட்டிப் பார்த்தார். "அப்ப நான்தானா?" என்று சிரித்துவிட்டார். "ராத்திரி வேலை முடிந்ததும் நிரலை மூடவும்" என்று அவர் கையாலேயே எழுதிய சீட்டு இப்போது மாடியில் லேப்டாப்பின் ஓரத்தில் ஒட்டியிருக்கிறது. அதே கார்டு இன்னும் ஓடுகிறது. சனிக்கிழமைதோறும் விசிறியைத் துடைப்பது மட்டும் என் வேலை.