சுவர் எந்த லேயரில்?

"ஓட்டோகாட்டை மூண்டு மாதத்தில பிடிச்சிடலாம் அண்ணை. பிறகேன் ஆமி எஞ்சினியர் கந்தோருகள் அதுக்கு மாற வருசக்கணக்கா மினக்கெட்டவை?" கொக்குவில் சந்தியில் பிளேன்ரீ குடித்தபடி கேட்டான், படவரைஞர் படிப்புப் படிக்கும் பெடியன் ஒருவன்.

ஓட்டோகாட் என்பது கணினியில் படம் கீறும் மென்பொருள். அதில் கோடு கீறப் பழகுவது சுகம். அந்தக் கோடு எதைக் குறிக்கிறது என்று எல்லாரையும் ஒத்துக்கொள்ள வைப்பதுதான் பெரும்பாடு. படைகளில் இது இன்னும் சிக்கல்: பொறியியலாளர் சில வருடத்தில் மாற்றலாகிப் போய்விடுவார். அவர் கட்டிய ஓடுபாதையும் தண்ணீர்த் தாங்கியும் அங்கேயே நிற்கும். யாழ்ப்பாணக் கோட்டையைப் பாருங்கள். 1658 இல் அதைப் பிடித்த ஒல்லாந்தர் ஐங்கோணமாகத் திருப்பிக் கட்டி, உட்பகுதியை 1680 இல் முடித்தார்கள். வெளியரண்கள் முடிய 1792 ஆகிவிட்டது. தொடக்கியவர் எவரும் முடிவைக் காணவில்லை. ஆனால் அவர்களின் கோட்டைப் படங்களை ஹேக் நகரிலுள்ள தேசிய ஆவணக்காப்பகத்தில் இன்றும் பார்க்கலாம். கீறியவர் போனாலும் படம் நிற்கும்; அடுத்தவருக்கு அது விளங்கவேண்டும்.

கணினியில் லேயர் என்பது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய ரேசிங் தாள்கள் மாதிரி. மின்சாரத் தாளை மறைத்தால் சுவர் மட்டும் தெரியும். ஆனால் ஒருவர் அந்த லேயருக்கு 'சுவர்' என்று பெயர் வைக்கிறார், மற்றவர் '1' என்கிறார், மூன்றாமவர் தண்ணீர்க் குழாயையும் அதற்குள்ளேயே கீறிவிடுகிறார். சுவரை மறைத்தால் குழாயும் போய்விடும். அலகும் அப்படித்தான்: மேசன்மார் அடியில் பேசுவார்கள், பொறியியலாளர் மில்லிமீற்றரில் கேட்பார். கவனிக்காமல் படத்தைச் சேர்த்தால் 10 அடி அறை 10 மில்லிமீற்றராக வந்து குந்தும்.

இத்தனைக்கும் கணினியில் படம் கீறும் இந்த வித்தையே படைக் காசில் வளர்ந்ததுதான். திரையில் ஒளிப்பேனாவால் கீறும் 'ஸ்கெச்பாட்'டை ஐவன் சதர்லாந்து 1963 இல் செய்து காட்டியது, வான்பாதுகாப்புக்கென உருவான லிங்கன் ஆய்வுகூடக் கணினியில். ஓட்டோகாட் வந்தது 1982 இல். அமெரிக்கத் தரை, கடல், வான் படைகள் மூன்றும் சேர்ந்து 1992 இல் விக்ஸ்பேர்க் நகரில் ஒரு நிலையம் தொடங்கின. அதன் முக்கிய வேலைகளில் ஒன்று கணினிப் படங்களுக்குப் பொது நியமம் வகுப்பது. லேயர் பெயரின் முதலெழுத்து துறையைச் சொல்லும்: 'ஏ' கட்டடக்கலை, 'எஸ்' கட்டமைப்பு, 'ஈ' மின்சாரம். கட்டடக்கலைப் படத்தில் சுவர் என்றால் பெயர் 'ஏ-வோல்' என்றே தொடங்கும். 1999 இல் வந்த அமெரிக்க தேசிய காட் (கணினிப் படவரைவு) நியமத்தில் அப்படைகளின் அச்சு நெறிகளும் சேர்ந்தன.

இரண்டு பேர் வேலைசெய்யும் கந்தோர் என்றாலும், மென்பொருள் வாங்க முதல் லேயர் பெயர், அலகு, கோப்புப் பெயர் மூன்றையும் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள்.