பச்சைக் கல்லெல்லாம் நிக்கல் ஆகுமா?

நாகர்கோவில் வட்டாரக் குவாரிகளில் புதிதாக உடைத்த கருங்கல்லில், எண்ணெய் பூசியதுபோல் கரும்பச்சை மினுங்கும். நிலவியலில் இதன் பெயர் சார்னோக்கைட். எவர்சில்வருக்கும் மின்வாகன பேட்டரிக்கும் தேவைப்படும் நிக்கலுக்கும் பச்சைத் தாது உண்டு. ஆனால் இரண்டும் வேறு வேறு.

நிக்கல் தாது எது?

கார்னியரைட். தனிக் கனிமம் அல்ல. நிக்கலும் மக்னீசியமும் கலந்த பல சிலிக்கேட்டுகளின் கூட்டுப்பெயர். பசிபிக் தீவான நியூ கலிடோனியாவில் 1860களில் இதைக் கண்டறிந்த பிரெஞ்சுப் பொறியாளர் ஜூல் கார்னியேயின் பெயரைத் தாங்கியது.

எப்படி அடையாளம் காண்பது?

* கீறல்: கார்னியரைட் மென்மையானது, கத்தி நுனிக்கே கீறல் விழும். சார்னோக்கைட்டில் உள்ள ஃபெல்ஸ்பாரும் குவார்ட்ஸும் கத்திக்கு மசியாது. நிக்கலால் பச்சையான ரத்தினக்கல் கிரிசோபிரேஸும் அப்படியே.
* அமிலம்: செம்புக் கனிமமான மாலகைட்டும் பச்சைதான். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் பட்டால் அது நுரைக்கும், கார்னியரைட் நுரைக்காது.
* ஆய்வகச் சோதனை: தூளை அமிலத்தில் கரைத்து, அம்மோனியாவும் டைமெத்தில்கிளையாக்சைமும் சேர்த்தால், நிக்கல் இருப்பின் செந்நிற வீழ்படிவு உண்டாகும். ரஷ்ய வேதியியலர் சுகாயேவ் 1905இல் கண்ட முறை இது.

குமரி மண்ணில் ஏன் இல்லை?

கார்னியரைட் உருவாக வெப்பமும் மழையும் பாறையை நெடுங்காலம் அரிக்க வேண்டும். அது இங்கும் நடந்திருக்கிறது. நம் வெட்டுக்கல் அதற்குச் சாட்சி. குறை தாய்ப்பாறையில். நியூ கலிடோனியாவில் அரிபட்டது ஆலிவின் என்ற கனிமம் நிறைந்த பெரிடோடைட் பாறை. அதில் 0.2 முதல் 0.3 சதவீதம் வரை இருந்த நிக்கலை மழைநீர் கரைத்து, கீழடுக்கில் சேர்த்தது. அங்கே தாதில் அது 2 சதவீதத்தையும் தாண்டுகிறது. குமரியின் சார்னோக்கைட்டிலும் கோண்டலைட் என்ற பாறையிலும் திரட்டிச் சேர்க்கும் அளவுக்கு நிக்கல் கிடையாது. மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் கிடைப்பவை இல்மனைட், மோனசைட், சிர்கான் போன்றவையே, நிக்கல் தாது அல்ல.

இந்தியாவில் எங்கே?

ஒடிசாவின் சுகிந்தா பள்ளத்தாக்கில், குரோமைட் சுரங்கங்களின் மேல்மண்ணில். அங்கே நிக்கல் பெரும்பாலும் கோதைட் என்ற இரும்புக் கனிமத்துக்குள் இருப்பதால் மண்ணின் நிறம் பழுப்பு. ஆகவே கையில் கிடைத்த கல்லின் நிறத்தை மட்டும் நம்பாமல், அது எந்தப் பாறையிலிருந்து வந்தது என்பதை முதலில் கேளுங்கள்.