ஒரு லிட்டரில் நூறு குதிரைகள்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி., இயற்பியல்)

எஞ்சின் பெட்ரோலைக் குடித்து ஓடுகிறது என்கிறோம். உண்மையில் அது பெட்ரோலைவிடப் பன்மடங்கு காற்றைக் குடிக்கிறது. ஒரு கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று தேவை. பெட்ரோலை வேண்டிய அளவு செலுத்திவிடலாம். அதற்கு ஈடான காற்றை உள்ளே கொண்டுவருவதே கடினம்.

டர்போ பொருத்திய எஞ்சின் காற்றை அழுத்தித் திணித்துக்கொள்கிறது. அது இல்லாத எஞ்சினுக்கு வளிமண்டல அழுத்தம் ஒன்றே துணை. அப்படியிருந்தும் அதிகத் திறன் தந்து, அன்றாடம் சாலையில் ஓட்டவும் ஏற்றதாக அமைந்த ஓர் எஞ்சினைக் காண்போம்.

1989-ஆம் ஆண்டு ஜப்பானின் ஹோண்டா நிறுவனம் இன்டெக்ரா காரில் பி16ஏ என்னும் எஞ்சினைப் பொருத்தியது. கொள்ளளவு 1595 கன சென்டிமீட்டர். நிமிடத்திற்கு 7600 சுற்றுகளில் 160 குதிரைத்திறன். அதாவது லிட்டருக்கு நூறு!

இதன் இரகசியம் என்ன? திறன் என்பது திருப்புவிசையையும் சுழல் வேகத்தையும் பெருக்கிவரும் தொகை என்று வகுப்பில் படிக்கிறோம். இந்த எஞ்சினின் உச்சத் திருப்புவிசை ஏறத்தாழ 152 நியூட்டன் மீட்டர்தான். இக்கொள்ளளவுக்கு அது வியப்புக்குரிய அளவன்று. வியப்பு அதன் வேகத்தில் உள்ளது. நான்கு வீச்சு எஞ்சின் இரு சுற்றுக்கு ஒருமுறை மூச்சிழுக்கும். சிலிண்டர்கள் முழுதும் நிரம்புவதாகக் கொண்டால், 7600 சுற்றுகளில் நிமிடத்திற்குச் சுமார் 6000 லிட்டர் காற்று உள்ளே செல்லும்.

வேகத்திற்கு விலையும் உண்டு. பிஸ்டனின் வீச்சு 77.4 மில்லிமீட்டர், அவ்வேகத்தில் அதன் சராசரி வேகம் வினாடிக்கு 19.6 மீட்டர். சுழற்சி இருமடங்கானால் பிஸ்டனை இழுக்கும் நிலைம விசை நான்கு மடங்காகும். ஆகவே பாகங்கள் எடை குறைந்தும் உறுதி மிகுந்தும் இருத்தல் வேண்டும்.

இதைவிடப் பெரிய சிக்கல் வால்வுகளில் உள்ளது. அதிவேகத்தில் விரைந்து வரும் காற்று, பிஸ்டன் மேலே திரும்பத் தொடங்கிய பின்னும் தன் உந்தத்தால் உள்ளே நுழையும். எனவே உள்ளிழுப்பு வால்வு தாமதமாக மூடினால் நன்மை. குறைந்த வேகத்திலோ காற்றுக்கு அந்த உந்தம் இல்லை. தாமதித்தால் இழுத்த காற்றைப் பிஸ்டனே வெளியே தள்ளிவிடும். வயலில் நீரிறைக்கும் ஆயில் எஞ்சின் நாள் முழுதும் ஏறத்தாழ ஒரே வேகத்தில் ஓடுவதால் அதற்கு ஒரே ஏற்பாடு போதும். நெரிசலில் ஊர்ந்து, நெடுஞ்சாலையில் பாயும் காருக்கு அது போதாது.

இகுவோ கஜிதானி தலைமையில் பொறியாளர்கள் கண்ட தீர்வே விடெக். கேம் ஷாஃப்டில் ஒவ்வொரு வால்வு இணைக்கும் மூன்று கேம்கள். குறைந்த வேகத்தில் ஓரத்துக் கேம்கள் இரண்டும் வால்வுகளை இயக்கும். சுமார் 5000 சுற்றுகளை எட்டியதும் ஆயில் அழுத்தம் ஒரு சிறு முளையைத் தள்ளி ராக்கர் ஆர்ம்களை ஒன்றாகப் பூட்டும். அதன்பின் நடுவிலுள்ள பெரிய கேம் வால்வுகளை அதிக உயரத்திற்கு, அதிக நேரம் திறக்கும். ஒரே எஞ்சினுக்கு இரு சுவாசங்கள்!

இதே வழியில் 1999-இல் ஹோண்டா எஸ்2000 காரின் 1997 கன சென்டிமீட்டர் எஞ்சின், ஜப்பானில் 8300 சுற்றுகளில் 250 குதிரைத்திறன் தந்தது.

பந்தயத்திற்குரிய கேமை மட்டும் மாற்றிப் பொருத்தினால் உச்சத் திறன் உயரலாம். ஆனால் சிக்னலிலிருந்து புறப்படும்போது வண்டி திணறும். விளம்பரத்தில் அச்சிடப்படும் குதிரைத்திறன் ஒரே ஒரு வேகத்திற்கு உரியது. சாலையோ எல்லா வேகங்களையும் கேட்கிறது. நல்ல எஞ்சினை அளக்கும்போது அதன் உச்சத்தோடு, அவ்வுச்சத்திற்கு ஏறிவரும் வழியையும் சேர்த்தே அளத்தல் வேண்டும்.