ரூ.5 ஆயிரத்துக்குக் கார்! திருவனந்தபுரம் கண்ட கனவு

திருவனந்தபுரம் கிள்ளிப்பாலம் பக்கத்தில் ஒரு சிறிய மோட்டார் பட்டறை. டிங்கரிங், பெயிண்டிங் இரண்டும் நடக்கிறது. வேலை செய்கிறவர்கள் பெரும்பாலும் குமரி மாவட்டத்துக்காரர்கள். திங்கட்கிழமை காலையில் மார்த்தாண்டத்தில் பஸ் ஏறி வந்தால், சனிக்கிழமை இரவுதான் வீடு.

மாலை டீ நேரத்தில் அங்கே ஒரு செல்போன் கைமாறிக்கொண்டே இருக்கிறது. அதில் ஒரு கார் படம். இரண்டு பேர் உட்காரலாம். கூரை தாழ்ந்து பின்பக்கமாகச் சரிகிறது. என்ஜின் சக்தி பின்சக்கரங்களுக்குப் போகிறது. "சாமானியனும் வாங்கும் விலையில் ஸ்போர்ட்ஸ் கார் வரப்போகிறது" என்று படத்தின் கீழே எழுதியிருக்கிறது. எந்த வருடம், என்ன விலை என்று எழுதவில்லை.

அந்தப் படத்தை அதிக நேரம் பார்ப்பவர் 26 வயது இளைஞர் ஒருவர். மூன்று வருடமாக கே.எஸ்.எப்.இ. சிட்டி கட்டி வருகிறார். அடுத்த மாதம் பணம் கைக்கு வரும். பட்டறைக்கு வந்த ஒரு பழைய மாருதி விலைக்கு நிற்கிறது. ஊரில் தகப்பனாருக்கு நடக்க முடியவில்லை. மாதம் இரண்டு முறை ஆட்டோ பிடித்துத்தான் நாகர்கோவில் ஆஸ்பத்திரிக்குப் போகிறார். வீட்டுக்கு ஒரு கார் வேண்டும். மகனின் மனமோ படத்தில் இருக்கிறது.

"ஆசானே, ஒரு வருசம் பொறுத்தா இந்த வண்டி வந்திருமா?" என்று அவர் கேட்டார்.

ஆசான் என்று எல்லோரும் அழைக்கும் மூத்த தொழிலாளி எழுபதை நெருங்குகிறார். பதினான்கு வயதில் இந்த ஊருக்கு வந்தவர்.

"மக்ளே, இந்த ஊரே ஒரு வண்டிக்காகக் காத்துக் கிடந்த கதை தெரியுமா ஒனக்கு?" என்றார் அவர்.

அரவிந்த் பேபி

ஆசான் சொன்னது கற்பனைக் கதை அல்ல. திருவனந்தபுரத்தில் அரவிந்த் ஆட்டோமொபைல்ஸ் என்று ஒரு நிறுவனம் இருந்தது. அதை நடத்தியவர் கே.ஏ.பாலகிருஷ்ண மேனன். 1966-ம் ஆண்டு அவர் ஒரு காரைக் கட்டி முடித்தார். பெயர், "அரவிந்த் பேபி". பெயரில்தான் குழந்தை. தோற்றத்தில் அந்தக் கால அமெரிக்கக் கார்களின் மிடுக்கு இருந்தது.

அதைவிட ஊரைப் பேசவைத்தது விலை. ரூ.5 ஆயிரத்துக்குக் காரை விற்கலாம் என்று மேனன் கணக்குப் போட்டார்.

ரூ.5 ஆயிரம் என்றால் அன்று எவ்வளவு? மத்திய அரசு அலுவலகத்தில் புதிதாகச் சேரும் கீழ்நிலை எழுத்தரின் அடிப்படைச் சம்பளம் அப்போது ரூ.110. அதாவது 45 மாதச் சம்பளம். நாலு வருடம் கூட ஆகவில்லை. இதே வேலைக்கு ஏழாவது சம்பளக் கமிஷன் நிர்ணயித்த அடிப்படைச் சம்பளம் ரூ.19 ஆயிரத்து 900. அதன் 45 மடங்கு, ஏறத்தாழ ரூ.9 லட்சம். குமாஸ்தா ஒருவர் கடன் வாங்கியாவது எட்டிப் பிடிக்கக்கூடிய தொகைதான்.

அன்று இந்தியாவில் கிடைத்த கார்கள் மூன்றே மூன்று. கல்கத்தா பக்கத்து அம்பாசடர், பம்பாய் பியட், சென்னை ஸ்டாண்டர்டு ஹெரால்டு. மூன்றும் பின்சக்கரத்தில் இயங்கியவை. மூன்றும் குமாஸ்தாவுக்கு எட்டாதவை. பணம் இருந்தாலும் பதிவு செய்துவிட்டு வருடக் கணக்கில் காத்திருக்க வேண்டும்.

கிடைக்காத லைசென்ஸ்

கார் தயாராகிவிட்டது. ஆனால் 1951-ம் ஆண்டு தொழில் சட்டப்படி, தொழிற்சாலை தொடங்கிக் கார் தயாரிக்க மத்திய அரசின் லைசென்ஸ் வேண்டும். மேனனுக்கு அது கிடைக்கவில்லை. அரவிந்த் பேபி தொழிற்சாலைக்குப் போகாமலே நின்றுவிட்டது.

இது தமிழர்களுக்கும் பழகிய கதைதான். கோவை ஜி.டி.நாயுடு 1952-ல் இரண்டு பேர் உட்காரும் பெட்ரோல் கார் ஒன்றைச் செய்தார். விலை ரூ.2 ஆயிரம் என்றார். அதற்கும் லைசென்ஸ் கிடைக்கவில்லை. 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒற்றை பஸ் விட்டுத் தொழிலைத் தொடங்கியவர் அவர். அவர் பெயரில் அமைந்த கார் அருங்காட்சியகம் இன்று கோவையில் இருக்கிறது. அவர் செய்ய நினைத்த மலிவுக் காரில் மட்டும் யாரும் அலுவலகம் போகவில்லை.

1970-ல் சிறு கார் தயாரிக்கச் சிலருக்கு மத்திய அரசு சம்மதக் கடிதம் கொடுத்தது. அவர்களில் ஒருவர் சஞ்சய் காந்தி. அவர் தொடங்கிய மாருதி கம்பெனி அந்தக் காரை மக்களுக்கு விற்காமலே கலைக்கப்பட்டது. பிறகு அரசே 1981-ல் மாருதி உத்யோக்கை அமைத்து, ஜப்பானின் சுசுகியுடன் சேர்ந்தது. 1983 டிசம்பர் 14-ந்தேதி முதல் காரின் சாவியைப் பிரதமர் இந்திரா காந்தி கொடுத்தார்.

அதன் விலை ரூ.47 ஆயிரத்து 500. அப்போது கீழ்நிலை எழுத்தரின் தொடக்க அடிப்படைச் சம்பளம் ரூ.260. பஞ்சப்படியைச் சேர்க்காமல் பார்த்தால் 15 வருடச் சம்பளம். அப்படியும் ரூ.10 ஆயிரம் முன்பணம் கட்டிப் பதிவு செய்தவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல்.

பயணிகள் கார் தயாரிக்க லைசென்ஸ் தேவையில்லை என்ற நிலை வந்தது 1993-ல். மேனனின் கார் உருவாகி அதற்குள் 27 வருடம் ஓடிவிட்டது.

பின்சக்கரத்தில் என்ன இருக்கிறது?

"இப்போ லைசென்ஸ் தொல்லை இல்லியே. பெறவு ஏன் வராது?" என்று கேட்டார் இளைஞர். நியாயமான கேள்வி.

கார் வேகம் எடுக்கும்போது அதன் பாரம் பின்பக்கம் சாய்கிறது. பின்சக்கரம் தரையை இறுக்கிப் பிடிக்கிறது. தள்ளும் வேலை பின்சக்கரத்துக்கு, திருப்பும் வேலை முன்சக்கரத்துக்கு என்று பிரிந்துவிடுவதால் ஸ்டியரிங் கைக்கு இதமாக இருக்கும். ஓட்டுவதை ரசிப்பவர்கள் பின்சக்கர வண்டியைத் தேடுவது இதனால்தான்.

மாருதி 800 வந்ததும் நிலைமை மாறியது. என்ஜின், கியர்பாக்ஸ், இயங்கும் சக்கரம் எல்லாம் முன்னாலேயே. நடுவில் நீளமான புரொப்பெல்லர் ஷாப்ட் தேவையில்லை. செலவு குறைவு, உள்ளே இடம் அதிகம். அதன்பிறகு வந்த மலிவான கார்கள் பெரும்பாலும் அந்த வழியில்தான் போயின. மலிவு விலையும் பின்சக்கர ஓட்டமும் சேர்ந்து நிஜமாகவே கடைக்கு வந்தது 2009-ல், டாடா நானோ. அது ஸ்போர்ட்ஸ் கார் அல்ல. அதன் உற்பத்தியும் நின்றுவிட்டது.

அதே டாடா 2017 மார்ச்சில் ஜெனீவா கண்காட்சியில் "ரேசிமோ" என்ற இரண்டு இருக்கைக் காரை நிறுத்தியது. 1.2 லிட்டர் டர்போ என்ஜின், 190 குதிரை சக்தி. என்ஜின் இருக்கைக்குப் பின்னால். ஓட்டம் பின்சக்கரத்தில். 6 வினாடிக்குள் 100 கிலோ மீட்டர் வேகம் என்றார்கள். நாடே பெருமைப்பட்டது. ஆனால் திட்டம் கைவிடப்பட்டது. டொயோட்டா 2015-ல் டோக்கியோவில் காட்டிய "எஸ்-எப்.ஆர்." என்ற சிறிய பின்சக்கரக் காரும் கண்காட்சியோடு சரி.

முடியாத காரியம் என்றும் சொல்ல முடியாது. மாஸ்டாவின் "எம்.எக்ஸ்-5" 1989-ல் வந்தது. 2016-க்குள் 10 லட்சம் வண்டி தயாரானது. உலகம் முழுவதும் விற்றதால் அந்தக் கணக்கு கட்டியது.

ஆசான் சொன்ன கணக்கு

கண்காட்சி மாதிரிக்கும் கடை வண்டிக்கும் உள்ள தூரத்தை ஆசான் தன் தொழிலை வைத்தே விளக்கினார்.

"ஒரு வண்டிய நான் சுத்தியலாலேயே அடிச்சு உருவாக்கிருவேன். பத்தாயிரம் வண்டிக்கு பிரஸ் வேணும், ஒவ்வொரு தகட்டுக்கும் டை வேணும். மோதிப் பாக்கதுக்கே எத்தன வண்டிய ஒடைக்கணும்! ரெண்டு பேரு மட்டும் இருக்க வண்டிய வீட்டுக்கு எவன் வாங்குவான்? கொஞ்சம் பேருதான் வாங்குவான். செலவு பூராவும் அவன் தலையில ஏறும்."

அன்று மலிவுக் காரின் வழியில் லைசென்ஸ் நின்றது. இன்று நிற்பது எண்ணிக்கை. சக்கர நாற்காலியைப் பின்னால் மடக்கி வைக்க முடியுமா என்று பார்க்கிற குடும்பங்கள்தான் நம் ஊரில் அதிகம்.

"அப்போ படத்த அழிச்சிரவா?" என்று இளைஞர் கேட்டார்.

"அத ஏன் அழிக்க? கையில இருக்கட்டும். ஒருநாள் வந்தாலும் வரும். அட்வான்ஸ் கேட்டு எவனாவது போன் பண்ணுனா மட்டும் குடுத்திராத. வண்டி ரோட்டுல ஓடணும், ஆர்.சி. புக்குல பேரு ஏறணும். சிட்டிப் பணத்த அதுக்கு முன்னால எடுக்கப்பிடாது."

மறுநாள் காலை இருவரும் சேர்ந்து அந்தப் பழைய மாருதியின் தரை விரிப்பைத் தூக்கிப் பார்த்தார்கள். டிரைவர் பக்கம் ஒரு கை அகலத்துக்குத் துரு. வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்ய இரண்டு நாள் வேலை என்றார் ஆசான். முன் இருக்கையை எவ்வளவு தூரம் பின்னால் தள்ளலாம், தகப்பனார் காலை நீட்டி உட்கார முடியுமா என்று இளைஞர் அளந்துகொண்டிருந்தார்.